எத்தனை மாத்திரை?

2025 செப்டம்பர் 23, செவ்வாய்க்கிழமை, நவராத்திரியின் இரண்டாம் நாள். சுண்டலுக்கு ஊறவைத்த கொண்டைக்கடலையை அதிகாலையில் வடிகட்டிக்கொண்டிருந்தபோது நியூ ஜெர்சியிலிருந்து நாத்தனார் போனில் அழைத்தாள். அங்கே அப்போது திங்கள் இரவு. கொலுவுக்கு இந்த வருடம் எத்தனை படி, அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "அண்ணி, தவறாக நினைக்காதீர்கள். அவன் வயிற்றில் இருந்தபோது காய்ச்சல் மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா? எத்தனை சாப்பிட்டிருப்பீர்கள்?" என்றாள்.

அவன் என் மகன். 11 வயதாகிறது. ஆட்டிசம் உள்ளவன். தெருமுனையைக் கடக்கும் ஒவ்வொரு பஸ்ஸின் எண்ணையும் நேரத்தையும் மாடியிலிருந்து பார்த்து நோட்டில் எழுதுவான். அப்படி எழுதி முடித்த நோட்டுகள் ஒரு அலமாரித் தட்டை நிறைத்திருக்கின்றன. வழக்கமான பஸ் ஒரு நாள் வராமல் போனால் அன்று இரவு அவனுக்குத் தூக்கம் வராது. பேச்சு ஐந்து வயதில்தான் வந்தது. வந்தபோது எண்களோடு வந்தது.

நாத்தனார் அன்போடுதான் கேட்டாள். சில மணி நேரத்துக்கு முன்புதான் வெள்ளை மாளிகையில் அதிபர் டிரம்ப், சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடியை அருகில் வைத்துக்கொண்டு, கர்ப்பிணிகள் டைலனால் சாப்பிட வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அதற்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கிறதாம். தாங்கவே முடியாத காய்ச்சல் என்றால் மட்டும் எடுக்கலாமாம், மற்றபடி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். டைலனால் என்பது அமெரிக்கப் பெயர். உள்ளே இருப்பது நம் ஊரில் குரோசின், டோலோ, கால்பால் என்று பல பெயர்களில் விற்கும் அதே பாராசிட்டமால்தான். இலங்கையில் பனடோல் என்பார்கள். 1955இல் குழந்தைகளுக்கான திரவ மருந்தாக அமெரிக்கச் சந்தைக்கு வந்து, பிறகு உலகத்தின் எல்லா வீடுகளுக்குள்ளும் நுழைந்த மருந்து.

அன்று பகலுக்குள் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் செய்தி வந்துவிட்டது. மாலையில் கொலு பார்க்க வந்தவர்களில் இருவர் நேரடியாகக் கேட்டார்கள். ஒருவர் வாயால் கேட்கவில்லை. என் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

எத்தனை மாத்திரை என்ற கேள்வி எனக்குப் புதிது இல்லை. 2017இல் மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதி செய்த மையத்தில் 8 பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் தாயின் கர்ப்பகால வரலாறு ஒன்றரைப் பக்கம். கீழே விழுந்தீர்களா, அதிர்ச்சியான செய்தி கேட்டீர்களா, கிரகணத்தன்று வெளியே போனீர்களா என்பதைத் தவிர மற்ற எல்லாக் கேள்வியும் அதில் இருந்தது. தந்தைக்கு மூன்று வரி: பெயர், வயது, தொழில். "மருந்துகள் உட்கொண்டீர்களா? ஆம் எனில் எவை, எத்தனை?" என்ற இடத்தில் என் பேனா நின்றது.

2013 நவம்பர், ஐந்தாம் மாதம். அம்மா வீட்டில் இருந்தேன். விடாத மழை. நான்கு நாள் காய்ச்சல். டெங்குவாக இருக்குமோ என்று இரண்டு முறை இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. டாக்டர் சொல்லித்தான் பாராசிட்டமால் சாப்பிட்டேன். எத்தனை என்று அம்மாவைக் கேட்டால், "மொத்தமே நாலுதான், நான்தானே எண்ணிக் கொடுத்தேன்" என்றார். கணவர் பத்துக்குக் குறையாது என்றார். மருந்துச் சீட்டு எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. நான் 6 என்று எழுதினேன். நான்குக்கும் பத்துக்கும் நடுவே அந்த எண் எனக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது.

அந்த ஆறும் உண்மை இல்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. சளிக்கு என்று வாங்கும் பல மாத்திரைகளில் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கிறது. உறையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஏழாம் மாதம் முதுகுவலிக்கு இரண்டு போட்டதாக ஒரு மங்கலான நினைவு. அது மூத்தவன் வயிற்றில் இருந்தபோதா, அவன் தங்கை வயிற்றில் இருந்தபோதா என்பதே நிச்சயமில்லை. பல இரவுகள் இதைக் கணக்குப் போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே மழைக்காலத்தில் கர்ப்பமாக இருந்தார். அவர் எத்தனை சாப்பிட்டார் என்பது அவருக்கு நினைவில்லை. நினைவுபடுத்திப் பார்க்க அவருக்குக் காரணமும் இல்லை, அவருடைய பையன் இரண்டு வயதில் கோர்வையாகப் பேசினான்.

இந்த இடத்தில்தான் இந்த மருந்தைப் பற்றிய ஆராய்ச்சியின் முடிச்சும் இருக்கிறது என்பதை, கடந்த சில மாதங்களாக ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கப் படிக்கக் கண்டுகொண்டேன். நான் டாக்டர் இல்லை. கல்லூரியில் புள்ளியியல் படித்தவள், ஒரு தணிக்கை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள். எனவே எண்களைக் கண்டு அச்சப்படவில்லை. எந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் என் அன்றாட வேலை.

டென்மார்க்கில் 1996 முதல் 2002 வரை கர்ப்பமாக இருந்த தாய்மார்களைக் கர்ப்பகாலத்திலேயே தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்கள். குழந்தை எப்படி வளரப்போகிறது என்று தெரிவதற்கு முன்பே கேட்டுவிட்டதால், என்னைப் போலப் பிறகு உட்கார்ந்து நினைவைக் கிளறவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. 64,322 குழந்தைகள். பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்கள் பாராசிட்டமால் எடுத்திருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு மிகுசெயல்பாட்டுக் கோளாறு கண்டறியப்பட்ட வீதம் மற்றவர்களைவிட 37 சதவீதம் அதிகம் என்று 2014இல் அந்த ஆய்வு வெளியானது. இந்தத் துறையில் முதலில் பெரிய சலசலப்பை உண்டாக்கியவற்றுள் அதுவும் ஒன்று.

அதற்கு முந்தைய ஆண்டே நார்வேயில் ஓர் ஆய்வு வந்திருந்தது. ஒரே தாய்க்குப் பிறந்த 2,919 ஜோடிப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். மொத்தம் 28 நாளோ அதற்கு மேலோ தாய் இந்த மாத்திரையை எடுத்த கர்ப்பத்தில் பிறந்த பிள்ளை, மூன்று வயதில் நடை, பேச்சு, நடத்தை ஆகியவற்றில் உடன்பிறப்பைவிடச் சற்றுப் பின்தங்கியிருந்தது. 28 நாள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு காய்ச்சலுக்கு இரண்டு மூன்று நாள் போடுவது வேறு, ஒரு மாதம் வலியோடு மல்லுக்கட்டுவது வேறு. ஒரு மாதம் மாத்திரை போட வேண்டிய நிலையில் ஒரு கர்ப்பிணி இருந்திருந்தால், அந்தக் கர்ப்பமே வேறு மாதிரியான கர்ப்பம்.

தாயின் வாய்மொழி போதாது என்று நினைத்தவர்கள் உடலிலேயே தடயம் தேடினார்கள். பாஸ்டனில் 996 பிரசவங்களில் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்தார்கள். எல்லா மாதிரியிலும் பாராசிட்டமாலின் தடயம் இருந்தது. அளவு அதிகமாக இருந்த மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால், ஆட்டிசத்தின் சாத்தியம் மூன்றரை மடங்குக்கும் மேல் என்றார்கள். இதைப் படித்த இரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் மீண்டும் எடுத்துப் படித்தேன். இந்த மருந்தில் பாதி இரண்டு மூன்று மணி நேரத்தில் உடலை விட்டு வெளியேறிவிடும். தொப்புள்கொடி இரத்தம் காட்டுவது பத்து மாதத்துக் கதையை அல்ல, பிரசவ அறையின் கடைசிச் சில மணி நேரத்தை. நீண்ட பிரசவம், காய்ச்சல், சிக்கல் இருந்த தாய்க்குத்தான் அந்த நேரத்தில் மருந்து கொடுத்திருப்பார்கள். அதோடு, அந்த 996 பேரில் எந்த வளர்ச்சிக் குறைபாடும் இல்லாத பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குதான். எந்த ஊரிலும் குழந்தைகள் அப்படி இருப்பதில்லை.

கனடாவில், கியூபெக் மாகாணத்தில், இன்னும் நுட்பமாக ஒரு வழி கண்டார்கள். பிறந்த குழந்தை முதன்முதலில் கழிக்கும் கரிய மலம், கர்ப்பத்தின் பின்பாதி முழுவதும், அதற்கு முன்பிருந்தும்கூட, குடலில் சேர்ந்துகொண்டே வருவது. அதைச் சோதித்தால் கடைசி மணி நேரம் மட்டுமல்ல, பல மாதங்களின் கணக்கு கிடைக்கும். 345 குழந்தைகளில் 199 பேருக்கு மருந்து இருந்தது. அவர்களுக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைவும் மிகுசெயல்பாடும் சேர்ந்த கோளாறு, வரும் சாத்தியம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அளவு முறை எனக்குப் பிடித்தது, தாயின் நினைவை நம்பவில்லை என்பதால். ஆனால் தாய் எத்தனை மாத்திரை எடுத்தாள் என்பதற்கு மலம் சாட்சி சொல்லும். ஏன் எடுத்தாள் என்பதைச் சொல்லாது.

இந்த 'ஏன்'தான் எல்லாவற்றின் அடியிலும் இருக்கிறது. யாரும் பொழுதுபோக்காகப் பாராசிட்டமால் சாப்பிடுவதில்லை. காய்ச்சலுக்கு, தொற்றுக்கு, ஒற்றைத் தலைவலிக்கு, வீக்கத்துக்குச் சாப்பிடுகிறார்கள். கருவைத் தொட்டது மாத்திரையா, மாத்திரை எதற்காக வந்ததோ அந்த நோயா? குடை பிடித்தவர்கள்தான் அதிகம் நனைந்திருக்கிறார்கள் என்று ஒரு மழை நாளில் கணக்கெடுத்தால் குடையின் மேல் பழி விழும்.

நார்வேயில் 2017இல் வந்த இன்னொரு ஆய்வை மட்டும் நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன். 1,12,973 குழந்தைகள். தாய் 29 நாளோ அதற்கு மேலோ மாத்திரை எடுத்திருந்தால் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. வரும் வீதம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. எட்டு நாளுக்குக் குறைவாக எடுத்திருந்தால் வீதம் கூடவில்லை, சற்றுக் குறைந்தது. இந்த ஆய்வாளர்கள் யாரும் கேட்காததைக் கேட்டிருந்தார்கள். கரு உருவாவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் தந்தை எத்தனை நாள் பாராசிட்டமால் எடுத்தார்? 29 நாளோ அதற்கு மேலோ எடுத்த தந்தையரின் பிள்ளைகளுக்கும் ஏறத்தாழ அதே இரண்டு மடங்கு.

தந்தையின் வயிற்றில் கரு இல்லை. விந்தணுவை மருந்து ஏதேனும் செய்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அடிக்கடி வலி வருகிற, அமைதியற்ற, தூக்கம் குறைந்த மனிதர்களின் குடும்பத்தில் அதே இயல்புகள் பிள்ளைக்கும் இறங்குகின்றன என்பது இன்னொரு விளக்கம். பிரிட்டனில் 2016இல் வந்த ஆய்வில் தாயின் கர்ப்பகால மாத்திரைக்கு மட்டுமே தொடர்பு தெரிந்தது, கணவரின் மாத்திரைக்குத் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனவே நார்வே தந்தையரை வைத்து வழக்கை முடித்துவிட முடியாது. ஆனாலும் மூன்று வரியில் தந்தையை முடித்துக்கொண்ட அந்தப் படிவத்தை நினைத்துக்கொண்டேன். இந்தப் பக்கத்தை அச்செடுத்ததே அதனால்தான். கணவரிடம் காட்டியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கல்யாணத்துக்கு முன்னால் வாரத்தில் மூன்று நாள் தலைவலி மாத்திரை போட்டிருக்கிறேன். என்னை ஒருவரும் கேட்டதில்லையே" என்றார்.

பிறகு 2024 ஏப்ரலில் சுவீடன் ஆய்வு வந்தது. 1995 முதல் 2019 வரை அந்த நாட்டில் பிறந்த 24,80,797 குழந்தைகள். அங்கே கர்ப்பிணி முதன்முறை பரிசோதனைக்கு வரும்போதே மருத்துவச்சி என்னென்ன மருந்து எடுக்கிறாய் என்று கேட்டுக் குறித்துவிடுகிறார், மருந்துச் சீட்டுகளும் அரசுப் பதிவேட்டில் இருக்கின்றன. இதில் பாராசிட்டமால் எடுத்தவர்கள் 1,85,909 பேர். பத்து வயதுக்குள் ஆட்டிசம் கண்டறியப்பட்டவர்கள், தாய் எடுக்காதவர்களில் 1.33 சதவீதம், எடுத்தவர்களில் 1.53 சதவீதம். ஆயிரம் குழந்தைகளில் இரண்டு பேர் வித்தியாசம். மற்ற காரணங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், எடுக்காதவர்களின் வீதத்தைவிட 5 சதவீத அதிகம் மிஞ்சியது.

அடுத்து உடன்பிறந்தவர்களை எடுத்தார்கள். ஒரே தாய், ஒரு கர்ப்பத்தில் மாத்திரை எடுத்தாள், இன்னொன்றில் எடுக்கவில்லை. மரபு பெருமளவு ஒன்று, வீடு ஒன்று, சமையல் ஒன்று, தாயின் உடல்வாகு ஒன்று. இப்படி ஒப்பிட்டபோது அந்த 5 சதவீதம் காணாமல் போய்விட்டது. ஆட்டிசத்துக்கு 0.98, ஏ.டி.எச்.டி.க்கு 0.98, அறிவுத்திறன் குறைபாட்டுக்கு 1.01. ஒன்று என்றால் வித்தியாசமே இல்லை என்று பொருள். மாத்திரை காரணமாக இருந்திருந்தால் ஒரே வீட்டுக்குள்ளும் அது காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இந்த ஆய்வுக்கும் குறை உண்டு, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. சுவீடனில் கர்ப்பிணிகளில் ஏழரை சதவீதம் பேர்தான் பாராசிட்டமால் எடுத்தார்கள் என்பதை நம்புவது கடினம். டென்மார்க்கில் பாதிப் பேருக்கு மேல் எடுத்திருக்கிறார்களே. கடையில் வாங்கிப் போட்டதை மருத்துவச்சியிடம் பலர் சொல்லியிருக்க மாட்டார்கள். மாத்திரை போடாதவர்கள் என்ற வரிசையில் போட்டவர்களும் நின்றிருப்பார்கள், அப்படிக் கலந்தால் வித்தியாசம் மங்கிவிடும். உடன்பிறப்பு ஒப்பீட்டில் இந்த மங்கல் இன்னும் கூடும் என்பது, மாத்திரையைச் சந்தேகிக்கும் எதிர்த்தரப்பின் வாதம், அது சரியான வாதம்தான். ஆனால் ஜப்பானில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வேறு முறையில் பதிவு செய்து, உடன்பிறப்புகளை வைத்து ஒப்பிட்ட ஆய்வும் 2025இல் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது.

எதிர்த்தரப்பினரை நான் குறைத்து மதிக்கவில்லை. 2021இல் 91 பேர், ஆய்வாளர்களும் டாக்டர்களும் சேர்ந்து, இந்த மருந்து ஹார்மோன்களோடு விளையாடக்கூடும், கர்ப்பிணிகள் தேவையில்லாமல் எடுக்க வேண்டாம் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குப் போகிறது என்பது உண்மை. கேள்வி கேட்காமல் இருப்பது அறிவியல் ஆகாது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுத்த தாலிடோமைடு மாத்திரையால் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் குறையோடு பிறந்த கதை உலகுக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் மவுன்ட் சினாய், ஹார்வர்டு போன்ற நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் 46 ஆய்வுகளைத் தொகுத்தபோது அவற்றில் 27 தொடர்பு இருப்பதாகக் காட்டின. வெள்ளை மாளிகை எடுத்துக்கொண்டது இந்தத் தொகுப்பைத்தான். ஆனால் அதை எழுதியவர்களே மாத்திரையைத் தொடாதே என்று சொல்லவில்லை. டாக்டர் ஆலோசனையோடு, குறைந்த அளவில், குறைந்த நாள் எடுக்கச் சொன்னார்கள். அவர்களில் ஹார்வர்டு பேராசிரியர் ஆண்ட்ரியா பாக்கரெல்லி, டைலனாலுக்கு எதிரான வழக்கில் பெற்றோர் தரப்புக்குக் கட்டணம் பெற்றுச் சாட்சியம் அளித்தவர். 2023 டிசம்பரில் நீதிபதி டெனிஸ் கோட் அந்தத் தரப்பின் நிபுணர் சாட்சியங்களை ஏற்க மறுத்தார்.

46இல் 27 என்பது தேர்தல் முடிவு இல்லை. ஒரே பிழையை 27 ஆய்வுகள் செய்திருந்தால் பிழை 27 மடங்கு உண்மையாகிவிடாது. தணிக்கையில் நான் தினமும் பார்ப்பது இது. மூலச் சீட்டில் உள்ள தவறு எத்தனை பேரேட்டில் ஏறினாலும் தவறுதான். 2025 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், அதுவரை வந்த ஒன்பது தொகுப்பாய்வுகளை மறுபடி பரிசோதித்தவர்களும் அவற்றின் தரத்தில் தங்களுக்கு நம்பிக்கை குறைவு என்றே எழுதினார்கள்.

டிரம்ப் பேசிய அதே நாளில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் டாக்டர்களுக்கு அனுப்பிய கடிதத்தில், காரண-காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்ற வரி இருந்தது. அதிபரின் வாயில் அந்த வரி வரவில்லை. உலகம் முழுவதும் போனது கடிதம் இல்லை, அவர் பேசிய காணொளி. உலக சுகாதார நிறுவனமும் ஐரோப்பிய மருந்து முகமையும் பிரிட்டனின் ஒழுங்காற்று அமைப்பும் உடனே மறுத்தன. அந்த மறுப்புகளில் ஒன்றுகூட என் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேரவில்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஆட்டிசத்துக்குத் தாயைக் காரணம் காட்டுவது இது முதன்முறை இல்லை. 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தை முதலில் விவரித்தார். டைலனால் சந்தைக்கு வருவதற்கு 12 ஆண்டுகள் முன்பு. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் பாசத்தைக் காட்டத் தெரியாதவர்கள் என்று அவரும் எழுதினார். சிகாகோவில் மனநலம் பாதித்த குழந்தைகளுக்கான பள்ளியை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் அதைக் கோட்பாடாகவே ஆக்கினார். குளிர்சாதனப் பெட்டி போன்ற தாய்கள் என்று ஒரு தலைமுறைப் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். பிள்ளையைப் பிரித்துக் காப்பகத்தில் வைத்தால் சரியாகும் என்றார்கள். 1969இல் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில் கானர் எழுந்து, பெற்றோர்களாகிய உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்றார். இருபதாண்டுகளுக்கும் மேலாகக் கூண்டில் நின்றவர்களுக்கு அன்று வந்தது விடுதலை. மாத்திரை விழுங்கியவள் என்று இன்று திரும்ப அழைக்கிறார்கள்.

மரபைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுவீடன் உடன்பிறப்புகளின் கணக்கு கை காட்டுவது அந்தப் பக்கம்தான். டென்மார்க், பின்லாந்து, சுவீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா என ஐந்து இடங்களில் 20 லட்சம் பேரை வைத்து 2019இல் வந்த ஆய்வு, ஆட்டிசத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபு வழி என்று கணித்தது. அதே ஆண்டு பிரிட்டனில், ஏ.டி.எச்.டி.க்கான மரபுக்கூறுகள் அதிகம் உள்ள பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் தொற்று அதிகம் வருகிறது, அவர்கள் பாராசிட்டமாலும் சற்று அதிகம் எடுக்கிறார்கள் என்று கண்டார்கள். மாத்திரையும் பிள்ளையின் இயல்பும் ஒரே வேரிலிருந்து தனித்தனியாக முளைத்திருக்கலாம்.

இதைப் படித்தபோது எனக்குள் ஏதோ இளகியது. நானும் சின்ன வயதில் பொருள்களை வரிசையாக அடுக்குவேன். கல்யாண வீட்டு மேளச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்த பெண் நான். ஒற்றைத் தலைவலி பதினாறு வயதிலிருந்து உண்டு. என் அப்பா ரயில்வே கால அட்டவணையைப் பாராமல் ஒப்பிப்பார், எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார். அவருக்கு யாரும் எந்தப் பெயரும் வைக்கவில்லை. "தனிப் போக்கு" என்பார்கள், அவ்வளவுதான். என் மகன் பஸ் நேரம் எழுதும்போது அப்பாவின் கையெழுத்துச் சாய்வு அப்படியே வருகிறது. மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்த இத்தனை வருடத்தில் இதை நான் பார்த்திருக்கிறேன், குற்றமற்ற ஒன்றாக இப்போதுதான் பார்க்கிறேன்.

நவராத்திரியின் ஆறாம் நாள் எதிர்வீட்டு மாமியின் மருமகள் கொலுவுக்கு வந்தாள். ஆறு மாதம். குங்குமம் வைத்தபோது நெற்றி கொதித்தது. காலையிலிருந்து இப்படித்தான் இருக்கிறது அக்கா, அத்தை கஷாயம் கொடுத்தார்கள், மாத்திரை வேண்டாம் என்கிறார்கள் என்றாள். பின்னாலேயே வந்த மாமி, "உனக்குத் தெரியாததா? அதனால்தான் வேண்டாம் என்றேன்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் ஓரம் நோட்டோடு நின்ற என் மகனின் பக்கம் கண்ணைத் திருப்பி, உடனே தாழ்த்திக்கொண்டார்.

அவர் கொடியவர் இல்லை. என் மகனுக்குப் பிடித்த முறுக்கை ஒவ்வொரு தீபாவளிக்கும் தனியாகச் சுற்றி அனுப்புகிறவர். பயந்திருந்தார். "மாமி, மாத்திரையால் அவன் இப்படி என்று நான் நினைக்கவில்லை. காய்ச்சலை இப்படியே விடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது" என்றேன். முதல் மூன்று மாதத்தில் கடும் காய்ச்சல் கருவின் முதுகுத்தண்டைப் பாதிக்கலாம் என்பதும், பிறகும்கூடத் தாயையும் பிள்ளையையும் அது வாட்டும் என்பதும் பழைய பாடம். மாற்று மருந்தும் எளிதில்லை. ஐபுபுரூபன் வகை மாத்திரைகளை 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கச் சொல்கிறார்கள், குழந்தையின் சிறுநீரகத்துக்கும் பனிக்குட நீருக்கும் கேடு என்று. கர்ப்பிணிக்குக் கையில் மிஞ்சியிருப்பதே இந்த ஒரு மாத்திரைதான். அதையும் பிடுங்கிக்கொண்டு பொறுத்துக்கொள் என்று சொல்வதற்கு யாரால் முடிகிறது?

தெர்மாமீட்டரில் 102.4. அவளுடைய டாக்டரை போனில் பிடித்தோம். ஐந்நூறு மில்லிகிராம் ஒன்று இப்போதே போடச் சொன்னார். ஆறு மணி நேரம் கழித்துக் காய்ச்சல் இருந்தால் இன்னொன்று, சளி மாத்திரை எதுவும் சேர்க்கக் கூடாது, விடிந்ததும் இரத்தப் பரிசோதனைக்கு வந்துவிட வேண்டும் என்றார். மாமியே போய் வெந்நீர் கொண்டுவந்தார்.

அவள் மாத்திரையை வாயில் போட்டபோது என் மகன் ஜன்னலை விட்டு எங்கள் பக்கம் வந்தான். எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"எத்தனை?" என்றான்.

"ஒன்று" என்றேன்.

நோட்டில் கடைசியாக வந்த பஸ்ஸுக்குக் கீழே எழுதினான்: 7.42. மாத்திரை 1. பிறகு அந்தத் தாளை ஓரம் பிசிறாமல் கிழித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக ஜன்னலுக்குத் திரும்பினான்.